வீட்டுக் கழிவுநீரும் பிறனிடத்தில் அன்பும்



வாலிபர் இதழில் கழிவுநீரைப் பற்றி ஒரு கட்டுரையா என்று முகம் சுளிக்காதீர்கள். வேதாகமமே இதைப் பேசத் தயங்கவில்லை. உபாகமம் 23-ஆம் அதிகாரத்தின் நடுப்பகுதியைத் திறந்து பாருங்கள். யுத்தத்துக்குப் புறப்பட்டுப் பாளயமிறங்கும் சேனை எங்கே போய் வெளிக்கிருக்க வேண்டும், கையில் என்ன கருவியை எடுத்துப்போக வேண்டும், பிறகு எப்படி மண்ணைத் தள்ளி மூட வேண்டும் என்றெல்லாம் அங்கே கட்டளை இருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் ஆச்சரியமானது. கர்த்தர் அந்தப் பாளயத்தின் நடுவே உலாவுகிறவர். ஆகவே பாளயத்தின் ஓரத்தில் நடப்பதும் அவருக்கு முன்பாகத்தான் நடக்கிறது.

பாளயம் சில நாளில் பெயர்ந்து போய்விடும். தோண்டி மூடினால் போதும். ஊர் அப்படிப் பெயராது. தலைமுறை தலைமுறையாக அதே மண்ணில் குடியிருக்கிறவர்களுக்கு அந்தச் சிறுகோல் மட்டும் போதாது. அதிலும் மழை குறைந்த, ஆள் குறைந்த, பணம் குறைந்த ஒரு சின்ன ஊர் என்ன செய்யும்? இந்தக் கேள்விக்கு நம் தென் ஆஸ்திரேலியாவே ஒரு நல்ல பதிலைக் கண்டுபிடித்தது. அடிலெய்டில் வளரும் நம் பிள்ளைகளில் பலருக்கு அது தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இது செவிலியரின் வேலையா?

செவிலியத்தின் தாயாக நாம் மதிக்கும் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் வெளியிட்ட புத்தகத்தில், ஒரு வீடு ஆரோக்கியமாக இருக்க ஐந்து காரியங்கள் வேண்டும் என்றார்: தூய காற்று, தூய தண்ணீர், சரியான வடிகால், சுத்தம், வெளிச்சம். மருந்து அந்தப் பட்டியலில் இல்லை, வடிகால் இருக்கிறது. கிரிமியப் போரின்போது ஸ்கூட்டாரி மருத்துவமனையில் ஏராளமான சிப்பாய்கள் காயத்தால் அல்ல, நோயால் மடிந்தார்கள். 1855 மார்ச்சில் பிரிட்டனிலிருந்து வந்த சுகாதாரக் குழுவினர் கட்டடத்தின் அடியில் அடைத்துக் கிடந்த சாக்கடைகளைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்தையும் சீர்ப்படுத்தினார்கள். அதன் பிறகு மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. அந்தப் பாடத்தை நைட்டிங்கேல் அம்மையார் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

மலத்திலுள்ள கிருமி இன்னொருவர் வாய்க்குப் போய்ச் சேர ஐந்து வழிகள் உண்டென்று எங்களுக்குப் பாடம் நடத்துவார்கள். விரல், ஈ, வயல், நீர், உணவு. டைபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ, ஜியார்டியா, உருண்டைப்புழு எல்லாம் இந்த வழிகளில்தான் பயணம் செய்கின்றன. வயிற்றுப்போக்கில் துவண்டு வரும் குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கொடுத்து இரண்டு நாளில் சிரிக்க வைத்துவிடலாம். ஆனால் அந்தக் குழந்தை திரும்பிப்போய் விளையாடும் முற்றத்தில் கழிவுநீர் தேங்கியிருந்தால், நாங்கள் செய்தது பாதி வேலைதான். மீதிப் பாதி மண்வெட்டியும் குழாயும் பிடிக்கிறவர்களின் கையில் இருக்கிறது. பெரிய மருத்துவமனை நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் ஊர்களில் அந்த மீதிப் பாதி இன்னும் முக்கியம்.

பின்னரூ என்ற சின்ன ஊர்

ஆஸ்திரேலியத் தலைநகரங்களில் முதன்முதலாகப் பாதாளச் சாக்கடை வந்தது அடிலெய்டில்தான், 1881-இல். இன்று நாம் கழிவறையில் பொத்தானை அழுத்தியதும் தண்ணீர் எங்கேயோ போய்விடுகிறது. நகரத்தின் பெரும்பகுதிக் கழிவுநீர் வடக்கே பொலிவாரில் உள்ள பெரிய சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கே சுத்தம் செய்யப்பட்ட தண்ணீர் 1999 முதல் குழாய் வழியாக விர்ஜீனியா பக்கத்துக் காய்கறித் தோட்டங்களுக்குப் பாய்கிறது. நாம் சந்தையில் வாங்கும் தக்காளிக்கும் நம் குளியலறைக்கும் நாம் நினைப்பதைவிட நெருங்கிய உறவு உண்டு!

நகரத்தை விட்டுக் கிழக்கே சுமார் 240 கிலோமீட்டர் போனால், விக்டோரியா எல்லைக்குச் சற்று முன்னால் பின்னரூ என்ற ஊர் இருக்கிறது. மாலீ எனப்படும் வறண்ட மணற்பாங்கான பகுதி அது. கோதுமை, ஆடு, உருளைக்கிழங்கு. ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். ஆண்டு மழை 300 முதல் 350 மில்லிமீட்டர் அளவில்தான். சென்னையில் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. வறண்ட பூமி என்று நாம் சொல்லும் தூத்துக்குடிப் பக்கத்தில்கூட பின்னரூவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு மழை உண்டு. இந்த நிலத்தின் பூர்வகுடிகளான நர்கட் மக்கள், மேல்நிலத்தில் தண்ணீர் கிடைக்காத காலத்தில் மாலீ மரத்தின் வேர்களை வெட்டி அவற்றிலிருந்து வடியும் நீரைக் குடித்து உயிர் வாழ்ந்தார்கள். தண்ணீரின் அருமையை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட ஊர்களில் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் இருந்தது. டேங்க் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். ஏனென்றால் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை.

டேங்குக்குள் நடப்பது

நம் மாநிலத்தில் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு 3,000 லிட்டர் கொள்ளளவுள்ள டேங்க் வைக்கிறார்கள். வீட்டுக் கழிவுநீர் அதற்குள் வந்து அசையாமல் நிற்கும்போது மூன்று அடுக்காகப் பிரிகிறது. எண்ணெயும் கொழுப்பும் மேலே ஆடைபோல மிதக்கும். கனமானவை அடியில் சேறாகப் படியும். நடுவில் கலங்கலான நீர் நிற்கும். காற்றில்லாமலே வாழும் பாக்டீரியாக்கள் அடிச் சேற்றை மெல்ல மெல்லத் தின்று குறைக்கின்றன. புதிதாகத் தண்ணீர் வரும்போதெல்லாம் நடுவிலுள்ள நீர் வெளிக்குழாய் வழியாக நிலத்துக்குள் போகும்.

அந்த நீர் பார்வைக்குத் தெளிந்ததுபோல இருந்தாலும் அதிலிருக்கும் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கின்றன. அவற்றை வடிகட்டி அழிப்பது மண்ணின் வேலை. மண்ணுக்கும் ஓர் அளவு உண்டு. நாளடைவில் ஊறும் இடத்தில் கறுப்பாக ஒரு பசைப்படலம் உண்டாகி மண்ணின் துளைகளை அடைத்துவிடும். களிமண்ணோ சுண்ணாம்புப் பாறையோ இருந்தால் ஆரம்பத்திலிருந்தே நீர் சரியாக ஊறாது. அப்போது என்ன ஆகும்? கழிவுநீர் மேலே பொங்கி, கொல்லையில் தேங்கி, தெருவோரம் ஓடும். நாற்றம், ஈ, கொசு, காய்ச்சல் எல்லாம் வரிசையாக வரும்.

நகரத்தில் உள்ளதுபோலப் பாதாளச் சாக்கடை போட்டுவிடலாமே என்று கேட்கலாம். அங்கேதான் சின்ன ஊருக்குக் கஷ்டம். திடக்கழிவையும் அடித்துக்கொண்டு போக வேண்டுமானால் குழாய் பெரிதாகவும் நல்ல சரிவாகவும் இருக்க வேண்டும். சமதரையில் சரிவு வேண்டுமென்றால் போகப் போகப் பள்ளத்தை ஆழமாக வெட்ட வேண்டும், இடையிடையே பம்பு வைத்து மேலே ஏற்ற வேண்டும். வீடுகளோ தள்ளித் தள்ளி இருக்கின்றன. ஒரு வீட்டுக்கு ஆகும் குழாயின் நீளம் நகரத்தைவிட மிக அதிகம். அந்தச் செலவை ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர் எப்படித் தாங்கும்?

1962-இல் வந்த எளிய யோசனை

1962-இல் பின்னரூவில் வேறொரு வழியைச் செய்து பார்த்தார்கள். வீட்டு டேங்குகளை எடுக்கவில்லை. அவை அப்படியே இருக்கட்டும், திடக்கழிவு அவரவர் கொல்லை டேங்கிலேயே தங்கட்டும். டேங்கிலிருந்து வழியும் நீரை மட்டும் மண்ணுக்குள் விடாமல், ஊர்ப் பொதுக் குழாயில் சேர்த்து ஊருக்கு வெளியே கொண்டுபோவோம். இதுதான் யோசனை.

திடப்பொருள் இல்லாததால் 100 மில்லிமீட்டர் குழாயே போதும். மிகக் குறைந்த சரிவும் போதும். ஆழப் பள்ளம் வேண்டாம், பெரிய மேன்ஹோல்களும் அதிகம் வேண்டாம். செலவு மளமளவென்று குறைந்தது. இந்த முறை மாநிலம் முழுவதும் சின்ன ஊர்களுக்குப் பரவியது. இன்று தென் ஆஸ்திரேலியாவில் இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட திட்டங்கள் உள்ளூர் கவுன்சில்களின் பொறுப்பில் ஓடிக்கொண்டிருக்கின்றன. சி.டபிள்யூ.எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நாட்டுப்புறத்தில் வேலை கிடைத்து வாடகைக்கு வீடு எடுத்திருக்கும் நம் சபைக் குடும்பங்களும் இந்த நான்கு எழுத்துகளைக் கவுன்சில் கடிதங்களில் பார்த்திருக்கக்கூடும்.

இந்த அமைப்பில் ஓர் ஆழமான பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பொதுக் குழாய் மிகச் சிறியது. ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் டேங்கை ஒழுங்காக வைத்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில் போடப்பட்டது. ஒரே ஒரு வீட்டில் டேங்க் சேறு நிறைந்து வழிந்தால், அந்தச் சேறு பொதுக் குழாயில் இறங்கி, தெருவிலுள்ள மற்றவர்களுக்கும் அடைத்துவிடும். ஒரு வீட்டின் அசட்டை பக்கத்து வீட்டுக் கழிவறையில் தெரியும். அதனால்தான் பல கவுன்சில்கள் ஏறக்குறைய நான்கு வருடத்துக்கு ஒருமுறை லாரி அனுப்பி ஒவ்வொரு வீட்டு டேங்கையும் உறிஞ்சி எடுக்கின்றன. வீட்டுக்காரருக்கு நினைவிருக்கிறதா இல்லையா என்று காத்திருப்பதில்லை. ஒரு அவயவம் பாடுபட்டால் மற்ற அவயவங்களும் கூடப் பாடுபடும் என்று பவுல் கொரிந்தியருக்குச் சொன்ன உண்மையை மண்ணுக்கடியில் நூறு மில்லிமீட்டர் குழாயிலும் பார்க்கலாம்.

சூரியன் செய்யும் வேலை

சரி, ஊருக்கு வெளியே கொண்டுபோன நீரை என்ன செய்வது? நாளொன்றுக்கு ஒருவருக்கு 150 லிட்டர் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், 700 பேர் உள்ள ஊரில் தினமும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வருகிறது. பெரிய இயந்திரங்களை வைத்தால் மின்சாரம் வேண்டும், உதிரிபாகம் வேண்டும், பழுது பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். சின்ன ஊரில் இவை மூன்றும் அரிது. தாராளமாகக் கிடைப்பவை இரண்டு: நிலமும் வெயிலும்.

ஆகவே குளங்களை வெட்டினார்கள். லகூன் என்பார்கள். ஒரு மீட்டருக்குச் சற்று அதிக ஆழமுள்ள ஐந்து குளங்கள் வரிசையாக இருக்கும். முதல் குளத்தில் நுழைந்த நீர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மெதுவாக நகர்ந்து கடைசிக் குளத்தை விட்டு வெளியேற 66 நாள் ஆக வேண்டும் என்பது மாநிலச் சுகாதாரத் துறை வைத்த விதி.

அந்த 66 நாளில் நடப்பது ஓர் அற்புதமான கொடுக்கல் வாங்கல். பச்சைப் பாசி வெயிலை வாங்கி ஆக்சிஜனை வெளிவிடுகிறது. பாக்டீரியா அந்த ஆக்சிஜனைக் கொண்டு கழிவைச் சிதைக்கிறது. அப்படிச் சிதைக்கும்போது வெளியாகும் கார்பன் டை ஆக்சைடை மறுபடியும் பாசி எடுத்துக்கொள்கிறது. நண்பகலில் பாசி மும்முரமாக வேலை செய்யும்போது நீரின் காரத்தன்மை ஏறி, பி.ஹெச். 9-ஐத் தாண்டிவிடும். குடலிலிருந்து வந்த பாக்டீரியாவால் அதைத் தாங்க முடியாது. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் இன்னொரு பக்கம் அவற்றைக் கொல்கின்றன. புழுக்களின் முட்டைகள் கனமானவை, நீர் அசையாமல் இருந்தால் அடியில் படிந்துவிடும். பாசனத்துக்கு விடும் நீரில் லிட்டருக்கு ஒரு புழு முட்டைக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். மோட்டார் இல்லாமல், மருந்து கலக்காமல், பொறுமையினாலேயே அந்த அளவை எட்ட முடியும். லீட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் டங்கன் மாரா, வெப்ப நாடுகளின் ஏழை ஊர்களுக்கு இந்தக் குளங்களே ஏற்றவை என்று பல பத்தாண்டுகள் எழுதியும் கற்பித்தும் வந்தவர்.

வறண்ட நிலத்தின் சோதனைகள்

வெயில் நண்பன்தான், ஆனால் அந்த நண்பன் கூலியும் கேட்பான். மாலீ பகுதியில் ஒரு வருடத்தில் பெய்யும் மழையைப்போலப் பல மடங்கு நீர் திறந்த குளத்திலிருந்து ஆவியாகிவிடும். இரண்டு மாதத்துக்கு மேல் குளத்தில் நிற்கும் நீரில் கணிசமான பங்கு காற்றோடு போய்விடுகிறது. போவது தண்ணீர் மட்டும், உப்பு போகாது. மிஞ்சிய நீரில் உப்பின் செறிவு ஏறும். அதை வருடக்கணக்காக மண்ணில் பாய்ச்சினால் மண் இறுகி, செடி வாடும். எசேக்கியேல் 47-ஆம் அதிகாரத்தின் தரிசனத்தில் ஆலயத்திலிருந்து புறப்படும் நதி போகிற இடமெல்லாம் ஆரோக்கியம் உண்டாகிறது. ஆனால் ஓட்டமில்லாத சதுப்பும் பள்ளமும் மட்டும் உப்புக்கென்று விடப்படுகின்றன. வறண்ட தேசத்து மனிதருக்கு அந்த வசனம் உடனே புரிந்திருக்கும்.

இரண்டாவது சோதனை கொசு. குளத்தின் கரையில் புல்லும் நாணலும் மண்டினால் கொசுவுக்கு வீடு கிடைத்துவிடும். ராஸ் ரிவர் காய்ச்சலையும் மரே பள்ளத்தாக்கு மூளைக்காய்ச்சலையும் பரப்பும் கியூலெக்ஸ் வகைக் கொசு இந்த மாநிலத்தில் உண்டு. 2022-இல் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தென் ஆஸ்திரேலியாவுக்குள்ளும் வந்தது. கழிவுநீர்க் குளங்கள் அதைக் கொண்டுவரவில்லை. நீர்ப்பறவைகளும் பன்றிகளும் கொசுவும் சேர்ந்த சுழற்சியில் பரவும் நோய் அது. ஆனால் கரையைச் சுத்தமாக வைக்காத எந்தக் குளமும் கொசுவுக்கு உதவி செய்யும். நம் பெற்றோருக்கு இந்த நோயின் பெயர் புதிதல்ல. இந்தியாவில் அது முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது 1955-இல், நம் வேலூரில்தான்.

மூன்றாவது சோதனை, கவனிப்பு. இயந்திரம் இல்லாத அமைப்பு என்றால் கவனிக்கவே வேண்டாம் என்று நினைத்துவிடுகிறார்கள். கரையைச் செதுக்க வேண்டும், வேலியைச் சரிபார்க்க வேண்டும், அடிச்சேறு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும், தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பெரும்பாலான சின்ன ஊர்களில் சாலையையும் பூங்காவையும் பார்க்கிற அதே ஓரிரு கவுன்சில் ஊழியர்கள்தான் இதையும் பார்க்கிறார்கள். அவர்களுக்கு யாரும் பொன்னாடை போர்த்துவதில்லை.

ஆவியாதலைக் குறைக்க ஒரு புதிய முயற்சியும் நம் மாநிலத்தில் நடந்திருக்கிறது. மரே ஆற்றங்கரையில் சில நூறு பேர் மட்டும் வாழும் கிங்ஸ்டன்-ஆன்-மரே என்ற ஊரில், ஃப்ளிண்டர்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வேறுவிதமான குளத்தை அமைத்தார்கள். ஆழம் 30 முதல் 50 சென்டிமீட்டர்தான். ஓட்டப்பந்தயத் தடம்போல வளைந்து திரும்பும் வாய்க்கால். துடுப்புச் சக்கரம் ஒன்று மெதுவாகச் சுழன்று நீரை நகர்த்திக்கொண்டே இருக்கும். ஆழம் குறைவாக இருப்பதால் வெயில் அடிவரை எட்டும், பாசி செழிக்கும், கிருமி விரைவில் சாகும். 66 நாளுக்குப் பதிலாகப் பத்து நாள் அளவில் வேலை முடிகிறது. நிலமும் குறைவு, ஆவியாகும் நீரும் குறைவு. பிறகு பீட்டர்பரோ என்ற ஊரிலும் இதே முறையில் குளங்கள் அமைத்தார்கள்.

இப்படிச் சுத்தமான நீர் குடிப்பதற்கல்ல. ஊதா நிறக் குழாயிலும் எச்சரிக்கைப் பலகையோடும்தான் அது வரும். ஆனால் கோடையில் ஊரே காய்ந்து பழுப்பாகக் கிடக்கும்போது, நாட்டுப்புற ஊர்களின் ஓவல் மைதானம் மட்டும் பச்சையாக இருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பல ஊர்களில் அந்தப் பச்சை இந்த நீரால் வந்ததுதான். சனிக்கிழமை பிள்ளைகள் ஃபுட்டியும் நெட்பாலும் ஆடும்போது முழு ஊரும் அங்கே கூடுகிறது. ஊர் எறிந்த தண்ணீர் ஊரைக் கூட்டிச் சேர்க்கிறது.

ஊரில் நாம் கட்டும் வீடு

இதுவரை சொன்னது இந்த நாட்டுக் கதை. ஆனால் செப்டிக் டேங்க் என்றதும் நம்மில் பலருக்கு நெல்லை, தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்து வீடுகள் நினைவுக்கு வரும். அதுவும் மழை குறைந்த சீமைதான். அங்கேயும் வீட்டுக்கு வீடு டேங்க்தான். நாம் இங்கிருந்து பணம் அனுப்பி அப்பா அம்மாவுக்குக் கட்டிக்கொடுக்கும் புது வீட்டிலும் ஒன்று இருக்கும். தரைக்கு எந்த டைல்ஸ், முகப்புக்கு எந்தக் கிரானைட் என்று வீடியோ காலில் மணிக்கணக்காகப் பேசுகிறோம். டேங்கைப் பற்றிக் கொத்தனாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்போமா?

கேட்காததன் விலையை நாம் கொடுப்பதில்லை. வேறு யாரோ உயிரால் கொடுக்கிறார்கள். மூடியில்லாமல் கான்கிரீட் போட்டு அடைத்த டேங்க், இருபது வருடமாகத் திறக்காத டேங்க், கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் புதைந்த டேங்க். இவற்றைச் சுத்தம் செய்ய ஓர் ஆளை உள்ளே இறக்குகிறார்கள். அழுகிய சேற்றைக் கிளறும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு எழும்பும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு அது. ஆனால் அளவு அதிகமானால் மூக்கின் உணர்வையே அது மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நேரத்தில் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். காப்பாற்ற இறங்கும் இரண்டாமவரும் அப்படியே விழுவார். இப்படி அண்ணன் தம்பி, தகப்பன் மகன் என்று ஒரே குழியில் இறந்த செய்திகளை நாம் செய்தித்தாளில் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருக்கிறோம்.

பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் மனிதரை டேங்கில் இறக்குவதை இந்தியாவின் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. கோலார் தங்கவயலில் பிறந்து, தன் பெற்றோர் இந்த வேலையைச் செய்வதைப் பார்த்து வளர்ந்த பெஜவாடா வில்சன், இந்த இழிவை ஒழிக்கப் போராடியதற்காக 2016-இல் மகசேசே விருது பெற்றார். சட்டமும் தீர்ப்பும் விருதும் இருந்தும் மரணங்கள் நிற்கவில்லை. இறங்குகிறவர்கள் எந்தச் சாதியில் பிறந்தவர்கள் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அவர்களில் நம் சபைகளில் நம்மோடு ஒரே பாத்திரத்தில் பானம்பண்ண வேண்டியவர்களும் உண்டு. கிறிஸ்து அடிமையின் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷரின் கால்களைக் கழுவினார் என்று பெரிய வியாழனன்று பிரசங்கம் கேட்கிறோம். நம் வீட்டு டேங்கில் யார் இறங்குகிறார் என்று கேட்பதும் அந்தப் பிரசங்கத்துக்குக் கீழ்ப்படிவதுதான்.

பின்னரூவில் லாரி வரும், குழாய் இறங்கும், மனிதர் இறங்கமாட்டார். அங்கே அது அதிசயமல்ல, அன்றாட ஒழுங்கு. நம் ஊரிலும் உறிஞ்சு லாரிகள் இருக்கின்றன. லாரியின் குழாய் எட்டும்படி டேங்கைக் கட்டுவதும், காலாகாலத்தில் லாரியைக் கூப்பிடுவதும் நம் கையில் இருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

1. சமையல் எண்ணெயை சிங்க்கில் ஊற்றாதீர்கள். வடை, பஜ்ஜி சுட்ட எண்ணெயை ஆறவைத்து, பழைய காகிதத்தில் ஒற்றியெடுத்தோ டப்பாவில் அடைத்தோ குப்பையில் போடுங்கள். கொழுப்பு ஆடைதான் டேங்கையும் குழாயையும் அடைக்கும் முதல் எதிரி.

2. துடைக்கும் வைப்ஸ், நாப்கின், டயப்பர் எதையும் கழிவறையில் போடாதீர்கள். பாக்கெட்டில் போடலாம் என்று எழுதியிருந்தாலும் அவை கரையாது.

3. மிச்ச மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டாதீர்கள். ஆன்டிபயாடிக் மருந்து டேங்கின் பாக்டீரியாவையும் கொல்லும். ஆஸ்திரேலியாவில் எந்த மருந்துக்கடையிலும் அவற்றை இலவசமாகத் திரும்பக் கொடுக்கலாம். ப்ளீச் போன்றவற்றையும் அளவோடு பயன்படுத்துங்கள்.

4. டேங்க் உள்ள வீட்டில் குடியிருந்தால், சோடியம் குறைந்த துணி சோப்பைத் தேர்ந்தெடுங்கள். அந்த உப்பு கடைசியில் யாருடைய மண்ணுக்கோ போகிறது.

5. ஊரில் வீடு கட்டினால் கொத்தனாரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். டேங்க்கின் அடித்தளத்துக்கும் சுவருக்கும் கசிவில்லாமல் பூச்சு உண்டா? திறக்கக்கூடிய மூடி இருக்கிறதா? உறிஞ்சு லாரி நிற்கும் தூரத்தில் இருக்கிறதா? கிணற்றிலிருந்தும் போர்வெல்லிலிருந்தும் போதிய தூரம் தள்ளியிருக்கிறதா?

6. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை டேங்கைக் காலி செய்ய அப்பாவிடம் சொல்லி நினைவூட்டுங்கள். எந்த அவசரத்திலும், எவ்வளவு பணம் கேட்டாலும் கொடுத்தாலும், ஒரு மனிதரை உள்ளே இறக்கச் சம்மதிக்கக்கூடாது என்று குடும்பத்தில் முடிவெடுங்கள்.

7. மேற்படிப்பைப் பற்றி யோசிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். டாக்டர், செவிலியர், ஐ.டி. என்ற மூன்று வாசல்களைத் தவிர நாலாவது ஒன்றும் இருக்கிறது. நீர்ப் பொறியியலும் சுற்றுச்சூழல் சுகாதாரமும் உயிர் காக்கும் ஊழியங்கள்தான். ஒரு நல்ல குளத்தை அமைக்கிறவர் காப்பாற்றும் பிள்ளைகளில் பலர் எங்கள் வார்டுக்கு வரவே மாட்டார்கள்.

நம்முடைய பிறன் யார் என்ற கேள்விக்கு நல்ல சமாரியன் உவமை வழியோரம் கிடந்த ஒருவனைக் காட்டியது. குழாயின் மறுமுனையில் இருப்பவரும் பிறன்தான். நாம் பொத்தானை அழுத்தியதும் நம் கண்ணைவிட்டு மறையும் தண்ணீர் அவருடைய கொல்லைக்கும் கிணற்றுக்கும் பிள்ளைகளுக்கும் போகிறது. அவருக்கு அதைச் சுத்தமாக அனுப்புவது பாடிக்காட்ட முடியாத ஆராதனை, ஆனாலும் பாளயத்தின் ஓரத்திலும் உலாவுகிற கர்த்தர் அதைப் பார்க்கிறார்.

வாலிபர் கூடுகையில் கலந்து பேச

• உபாகமம் 23:9–14-ஐ வாசியுங்கள். பரிசுத்தத்துக்கும் சுகாதாரத்துக்கும் இங்கே என்ன தொடர்பு?

• உங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது? நம் ஆலயத்தின் கழிவுநீர் எங்கே போகிறது? தெரியாவிட்டால் அடுத்த கூடுகைக்குள் கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

• சொந்த ஊரில் உள்ள உங்கள் வீட்டு டேங்கைக் கடைசியாகச் சுத்தம் செய்தது எப்போது? செய்தது யார்? எப்படிச் செய்தார்?